இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது? கிட் பிளேம் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். கிடங்கில் பொருள்கள்மேல் ஒட்டும் லேபிள்களை அச்சடிக்கும் நிரல் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. அதில் ஓரிடத்தில் பொருளின் பெயரை 38 எழுத்தோடு வெட்டிவிடும் ஒரு வரி இருந்தது. பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. டேட்டாபேஸில் பெயருக்கு 100 எழுத்துவரை இடம் இருக்கும்போது இது எதற்கு, யாரோ சோதனைக்காக எழுதி மறந்திருப்பார்கள் என்று நினைத்து அந்த வரியை எடுத்துவிட்டேன். மறுநாள் காலை நீளமான பெயர்கள் எல்லாம் அடுத்த ஸ்டிக்கருக்கு வழிந்து, அங்கிருந்த பார்கோடு மேலேயே அச்சாகி, கிடங்கில் இருந்தவர்கள் அரை நாள் உட்கார்ந்து லேபிள்களை உரித்து உரித்துத் திரும்ப ஒட்டினார்கள்.

அந்த 38க்கான காரணம் எங்கள் ரெப்போவிலேயே, அதாவது நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் கிட் வைத்திருக்கும் இடத்திலேயே, இருந்தது. பல வருடம் முந்தைய ஒரு கமிட்டின் செய்தியில், ஸ்டிக்கரின் அகலம் இவ்வளவு, 38 எழுத்தைத் தாண்டினால் அச்சு வழிகிறது என்று ஒருவர் தெளிவாக எழுதி வைத்திருந்தார். அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த சீனியர் அக்கா என் கீபோர்டை வாங்கி, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று சொல்லும் கிட் பிளேம் கட்டளையை வைத்து, ஐந்தே நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துக் காட்டினார். அவர் காட்டிய வழியையும், அதற்கப்புறம் நானாகக் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கமிட் போடவும் பிராஞ்ச் மாற்றவும் தெரிந்தால் போதும், மற்றதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம்: கட்டளைகளை நான் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஒற்றை எழுத்து ஆப்ஷன்களில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது முக்கியம், ஒவ்வொன்றுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கட்டளை

ரெப்போ இருக்கும் ஃபோல்டருக்குள் போய் இதை அடியுங்கள்:

கிட் பிளேம் லேபிள்.பை

கோப்பு முழுவதும் திரையில் வரும், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கொஞ்சம் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வரி இப்படி இருக்கும்:

40718263 (எழுதியவர் 2021-03-09 11:42:10 +0530 47)    பெயர் = பெயர்[:38]

இடமிருந்து படிக்கலாம். முதலில் இருப்பது கமிட்டின் ஹேஷ், அதாவது ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் தரும் அடையாளக் குறியீடு, சுருக்கப்பட்ட வடிவத்தில். அடுத்து அந்தக் கமிட்டை எழுதியவர் பெயர், தேதி, நேரம், நேர மண்டலம். பிறகு கோப்பில் அது எத்தனையாவது வரி என்ற எண், இங்கே 47. அடைப்புக்குறிக்கு அப்பால் இருப்பது உங்கள் நிரல். திரை நிறைந்து நின்றுவிட்டால் வெளியே வர கியூ எழுத்தை அழுத்துங்கள்.

ஹேஷ் இருக்கும் இடத்தில் வெறும் சைபர்களும் பெயர் இருக்கும் இடத்தில் "நாட் கமிட்டட் எட்" என்றும் வந்தால் பயப்பட வேண்டாம், நீங்கள் மாற்றி இன்னும் கமிட் செய்யாத வரி அது. ஹேஷுக்கு முன்னால் ^ குறி இருந்தால் வரலாறு அதற்குப் பின்னால் போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். அந்த ஹேஷைக் காப்பி செய்யும்போது ^ குறியை விட்டுவிட்டு எடுங்கள்.

ஆயிரம் வரிக் கோப்பில் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெரிய எழுத்து எல் போட்டு வேண்டிய பகுதியை மட்டும் கேட்கலாம்:

கிட் பிளேம் -எல் 40,55 லேபிள்.பை

40 முதல் 55 வரை உள்ள வரிகள் மட்டும் வரும். 40,+15 என்று எழுதினால் 40இலிருந்து பதினைந்து வரிகள். வரி எண்ணுக்குப் பதில் ஒரு முக்காற்புள்ளியும் ஃபங்ஷனின் பெயரும் கொடுத்தால் அந்த ஃபங்ஷனை மட்டும் காட்டும், எனக்கு இதுதான் அதிகம் பயன்படுகிறது.

பெயரோடு நிற்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பெயர் தெரிந்துவிட்டது, உடனே அவருக்கு மெசேஜ் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெயர் அல்ல, ஹேஷ்தான் உங்களுக்கு வேண்டியது. அதை எடுத்து இப்படிக் கொடுங்கள்:

கிட் ஷோ 40718263

அந்தக் கமிட்டின் முழுச் செய்தியும், அதில் மாறிய எல்லா வரிகளும் வரும். செய்தியை முழுவதும் படியுங்கள், முதல் வரியை மட்டும் அல்ல. டிக்கெட் எண் இருந்தால் அந்த டிக்கெட்டைத் திறந்து படியுங்கள். ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஸ்குவாஷ் செய்து (பல கமிட்டுகளை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்த கமிட் என்றால் செய்தியின் முதல் வரிக் கடைசியில் பெரும்பாலும் புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) எண் இருக்கும், அதைப் பிடித்துப் போனால் அப்போது நடந்த விவாதம் முழுவதும் கிடைக்கலாம், ஒரு வரிச் செய்தியை விட அந்த விவாதம் பல மடங்கு உதவும். கூடவே அந்தக் கமிட்டில் வேறு எந்தக் கோப்புகள் மாறின என்று பாருங்கள். 38 என்ற எண் நுழைந்த கமிட்டிலேயே பிரின்டர் அமைப்புக் கோப்பும் மாறியிருந்தது, செய்தி இல்லாவிட்டாலும் அந்த ஒன்றே எனக்குப் பாதி பதிலைச் சொல்லியிருக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது

கொஞ்சம் பொறுமையாக இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள், இது புரிந்தால் பின்னால் வரும் ஆப்ஷன்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எந்த வரியை யார் எழுதினார் என்று கிட் எங்கேயும் குறித்து வைப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் முழுப் படம், அவ்வளவுதான். நீங்கள் பிளேம் கேட்கும்போதுதான் அது கணக்குப் போடத் தொடங்குகிறது. இப்போதைய கோப்பை முந்தைய கமிட்டில் இருந்த அதே கோப்போடு ஒப்பிடும். ஒரு வரி இரண்டிலும் மாறாமல் இருந்தால், இதை நான் எழுதவில்லை என்று அந்த வரியை முந்தைய கமிட்டிடம் தள்ளிவிடும். அங்கிருந்து அதற்கும் முந்தையது. இப்படி ஒவ்வொரு வரியும் பின்னோக்கிப் போய், எந்தக் கமிட்டுக்கு முன்னால் அது அதே வடிவில் இல்லையோ அந்தக் கமிட்டின் கணக்கில் சேர்ந்துவிடும். பெரிய ரெப்போவில் பழைய கோப்புக்கு பிளேம் போட்டால் நேரமாவது இதனால்தான்.

"அதே வடிவில்" என்பதைக் கவனியுங்கள். ஒருவர் முன்னால் நான்கு இடைவெளி சேர்த்தால்கூட அந்த வரி புது வரி. மேலிருந்து கீழே நகர்த்தினாலும், வேறு கோப்புக்குக் கொண்டுபோனாலும் அப்படித்தான். அதனால் பிளேம் காட்டும் பெயர், வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர். யோசித்து எழுதியவர் அவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிளேம் என்றால் பழி, ஆனால் இந்தக் கட்டளைக்கும் பழிக்கும் சம்பந்தமே இல்லை. கிட் போன்ற இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷனில் இதே கட்டளைக்கு பிரெய்ஸ், அதாவது பாராட்டு, என்று இன்னொரு பெயரும் உண்டு, அனோட்டேட் என்றும் எழுதலாம். அதே வகையைச் சேர்ந்த மெர்க்கூரியலில் அனோட்டேட்தான் முதன்மைப் பெயர். கிட்டிலும் கிட் அனோட்டேட் என்று அடித்தால் ஏறக்குறைய இதே விடை வரும். அந்தப் பெயரே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது, பிளேம் என்ற சொல்லே பலரைத் தப்பான மனநிலையோடு தேட வைக்கிறது.

கடைசியாகத் தொட்டவரைத் தாண்டிப் போவது

அன்று அக்கா, நான் வரியை எடுப்பதற்கு முந்தைய கமிட்டில் பிளேம் போட்டு, கிடைத்த ஹேஷுக்கு கிட் ஷோ போட்டபோது வந்தது, ஃபார்மேட்டர் (நிரலின் தோற்றத்தைச் சீராக்கும் கருவி) ஓட்டி நூற்றுக்கணக்கான கோப்புகளில் இடைவெளிகளைச் சீராக்கிய ஒரு கமிட். 38ஐப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. இந்த நிலை உங்களுக்கும் நிச்சயம் வரும், அதுவும் அடிக்கடி.

முதலில் சிறிய எழுத்து டபிள்யூ:

கிட் பிளேம் -டபிள்யூ -எல் 40,55 லேபிள்.பை

இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்கிறோம். டேப் எழுத்துகளை ஸ்பேஸாக மாற்றியது, விண்டோஸிலிருந்து ஒருவர் கமிட் செய்தபோது வரி முடிவு எழுத்துகள் மாறி கோப்பு முழுவதும் அவர் பெயரில் போனது, இந்த மாதிரி விஷயங்கள் இதிலேயே சரியாகிவிடும். நான் எப்போதும் இதைச் சேர்த்தே அடிக்கிறேன்.

ஒரு வரியை இரண்டாக உடைத்திருந்தாலோ, மேற்கோள் குறியை மாற்றியிருந்தாலோ டபிள்யூ உதவாது. அப்போது அந்தக் கமிட்டுக்கு ஒரு படி முன்னால் நின்று திரும்பக் கேளுங்கள்:

கிட் பிளேம் 40718263~ -- லேபிள்.பை

ஹேஷுக்குப் பின்னால் இருக்கும் ~ குறி, "இதற்கு முந்தைய கமிட்" என்று பொருள்படும். பலர் ^ குறியைப் போடுவார்கள், இரண்டும் இங்கே ஒன்றுதான், ஆனால் விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்ட் ^ குறியை விழுங்கிவிடும் என்பதால் நான் ~ பழக்கப்படுத்திக்கொண்டேன். பழைய கோப்பில் வரி எண் வேறாக இருக்கும், அதனால் திறந்து வந்த திரையில் சாய்கோடு அடித்து 38 என்று தேடுங்கள். புது ஹேஷ் கிடைக்கும், அதற்கு கிட் ஷோ. அதுவும் வெறும் ஃபார்மேட் மாற்றம் என்றால் அதற்கும் முன்னால் போங்கள். எங்களுக்கு இரண்டாவது தாவலிலேயே அந்த ஸ்டிக்கர் அகலச் செய்தி வந்துவிட்டது.

கிட்ஹப் தளத்தில் இதையே கிளிக்கில் செய்யலாம். கோப்பைத் திறந்து பி எழுத்தை அழுத்தினால் பிளேம் காட்சி வரும், ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அந்த மாற்றத்துக்கு முந்தைய பிளேமுக்குப் போக ஒரு சின்ன பட்டன் இருக்கும்.

உங்கள் குழுவே ஃபார்மேட்டர் ஓட்டப்போகிறது என்றால் ஒரு நல்ல காரியம் செய்யுங்கள். அந்த வேலையைத் தனி கமிட்டாகப் போட்டு, அதன் 40 எழுத்து முழு ஹேஷை .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில், ரெப்போவின் மேல்மட்டத்தில், ஒரு வரியில் எழுதி வையுங்கள். # குறி போட்டு எதற்கான கமிட் என்று குறிப்பும் எழுதலாம். அப்புறம் ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் ஒருமுறை:

கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்

இனி பிளேம் அந்தக் கமிட்டைக் கண்டுகொள்ளாமல் அதற்கு முன் அந்த வரியைத் தொட்டவரைக் காட்டும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது, கிட்ஹப்பும் இந்தப் பெயரில் கோப்பு இருந்தால் தானாகவே படித்துக்கொள்கிறது. இந்த அமைப்பை --குளோபல் போட்டு எல்லா ரெப்போவுக்கும் வைத்துவிடாதீர்கள், அந்தக் கோப்பு இல்லாத ரெப்போவில் பிளேம் ஓடாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

அடுத்தது நகர்த்தப்பட்ட வரிகள். பெரிய எழுத்து எம் போட்டால் அதே கோப்புக்குள் இடம் மாறிய வரிகளின் பழைய இடத்தைத் தேடும். பெரிய எழுத்து சி போட்டால் அதே கமிட்டில் மாறிய மற்றக் கோப்புகளிலிருந்து வந்ததா என்றும் பார்க்கும், சியை இரண்டு முறை மூன்று முறை போட்டால் இன்னும் அகலமாக வலை வீசும், அந்த அளவுக்கு நேரமும் எடுக்கும். ஒரே பெரிய கோப்பை நான்காகப் பிரித்த ரெப்போக்களில் இது இல்லாமல் பிளேமை நம்பவே முடியாது, பிரித்தவர் பெயர்தான் எல்லா வரியிலும் இருக்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் ஆப்ஷன் எதுவும் வேண்டாம், கிட் தானாகவே தொடர்ந்து போகும்.

இல்லாத வரியை எப்படித் தேடுவது

பிளேம் இப்போது இருக்கும் வரிகளுக்குத்தான் பதில் சொல்லும். நான் 38ஐ எடுத்த பிறகு அந்தக் கோப்பில் பிளேம் போட்டால் அப்படி ஒரு வரி இருந்ததற்கே தடயம் இருக்காது. அதற்குப் பெரிய எழுத்து எஸ்:

கிட் லாக் -எஸ் "[:38]" -- லேபிள்.பை

நீங்கள் கொடுத்த எழுத்துக்கோவை எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை எந்தெந்தக் கமிட்டில் மாறியதோ அவற்றை மட்டும் காட்டும். புதியது மேலே, பழையது கீழே. ஆக மேலே இருப்பது எடுத்த கமிட், கீழே இருப்பது முதன்முதலில் சேர்த்த கமிட். இடையில் இருந்த இடைவெளி மாற்றங்கள் எதுவும் வராது, எழுத்துக்கோவை அப்படியே இருந்ததால் எண்ணிக்கை மாறவில்லை. சரியான சொல் கையில் இருந்தால் பிளேமில் நான்கு தாவு தாவுவதை விட இது வேகம், நான் பல நேரம் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு ஃபங்ஷன் பிறந்ததிலிருந்து இன்றுவரை எப்படியெல்லாம் மாறியது என்று கதை போலப் படிக்க இன்னொன்று இருக்கிறது:

கிட் லாக் -எல் 40,55:லேபிள்.பை

இதிலும் பெரிய எழுத்து எல்தான். அந்தப் பதினாறு வரிகளைத் தொட்ட ஒவ்வொரு கமிட்டும், தொட்ட பகுதியோடு வரிசையாக வரும். புதிய குழுவில் சேர்ந்த முதல் வாரத்தில், நீங்கள் கை வைக்கப்போகும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்காவது இதைப் போட்டுப் படியுங்கள், யாரிடமும் கேட்காமலே நிறைய புரியும்.

பிளேமை நம்பக் கூடாத இடங்கள்

வரலாறு முழுமையாக உங்கள் கணினியில் இல்லாமல் இருக்கலாம். வேகத்துக்காக --டெப்த் 1 போட்டு, அதாவது கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கி, குளோன் செய்திருந்தால் எல்லா வரியும் ஒரே கமிட்டின் பெயரில், ^ குறியோடு நிற்கும். கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ அடித்தால் மீதி வரலாறு இறங்கும்.

சில ரெப்போக்களில் வரலாறே பாதியில்தான் தொடங்குகிறது. இதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1991இல் தொடங்கிய திட்டம் அது. 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருளில் அதை நிர்வகித்தார்கள், 2005இல் அதன் இலவச உரிமம் நிறுத்தப்பட்டது, அதனால்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டையே எழுதினார். 2005 ஏப்ரல் 16 அன்று 2.6.12-ஆர்சி2 பதிப்பை அப்படியே முதல் கமிட்டாகப் போட்டார், 1டிஏ177 என்று தொடங்கும் ஹேஷ் அது. பழைய வரலாறு கையில் இருந்தும் சேர்க்கவில்லை, இறக்குமதி செய்தால் 3.2 ஜிபி வருகிறது, தொடக்கத்திலேயே அது வேண்டாத சுமை என்று அந்தக் கமிட் செய்தியிலேயே காரணம் எழுதியிருக்கிறார். இன்றும் கெர்னலின் பழைய கோப்பு ஒன்றுக்கு பிளேம் போட்டால் வரிக்கு வரி அவர் பெயரும் அந்தத் தேதியும் வரும். உலகம் முழுவதிலுமிருந்து அத்தனை பேர் பதினான்கு ஆண்டு எழுதிய வரிகள் அவை.

உங்கள் அலுவலக ரெப்போவும் சப்வெர்ஷனிலிருந்து வரலாறு இல்லாமல் மாறி வந்திருந்தால் இதே கதைதான், "இனிஷியல் கமிட்" என்று போட்ட அந்த ஒருவரிடம் போய்க் கேட்டால் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

பெயரும் அவ்வளவு உறுதியானது அல்ல. ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் கிட் கான்ஃபிக்கில் என்ன எழுதியிருக்கிறார்களோ அதுதான் வரும். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் ஒருவர் பெயர்தான் இருக்கும். ஸ்குவாஷ் செய்தால் புல் ரெக்வெஸ்டில் இருந்த பல கமிட்டுகள் ஒன்றாகிவிடும். எனவே யாருடைய உழைப்பையும் பிளேமில் எத்தனை வரி அவர் பெயரில் இருக்கிறது என்று எண்ணி எடைபோடக் கூடாது, அப்படி எண்ணும் இடத்தில் நீங்கள் இருந்தால் இதைச் சொல்லித் தடுங்கள். ஒரே ஆள் இரண்டு பெயரில் வருகிறார் என்ற சின்னச் சிக்கலுக்கு மட்டும் .மெயில்மேப் என்ற கோப்பு தீர்வு, எந்தப் பெயரும் மின்னஞ்சலும் எதோடு சேரும் என்று அதில் எழுதிவிட்டால் பிளேம் ஒரே பெயராகக் காட்டும்.

எடிட்டரில் பார்ப்பது

விஎஸ் கோடில் கிட்லென்ஸ் எக்ஸ்டென்ஷன் போட்டால் கர்சர் நிற்கும் வரியின் ஓரத்திலேயே பெயரும் கமிட் செய்தியும் தெரியும். இப்போது விஎஸ் கோடிலேயே இந்த வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் கிட் பிளேம் என்று தேடி இயக்கிக்கொள்ளுங்கள். ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் வரி எண்கள் இருக்கும் ஓரத்தில் ரைட் கிளிக் செய்தால் அனோட்டேட் என்று வரும். விம் பயன்படுத்துபவர்களுக்கு ஃபியூஜிடிவ். அன்றாடத்துக்கு இவை போதும், ஆனால் டெர்மினலில் ஒரு வாரம் பழகிவிட்டு இதற்கு வாருங்கள், எடிட்டர் ஒரு பெயரைக் காட்டும்போது அது எந்த ஆப்ஷனோடு காட்டுகிறது, எதைத் தாண்டிப் போகவில்லை என்று யோசிக்க அப்போதுதான் வரும்.

ஆளிடம் கேட்கும் நேரம்

இவ்வளவும் பார்த்தபிறகும் காரணம் கிடைக்காவிட்டால் எழுதியவரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். "இந்த வரி நீங்கள்தானே எழுதினீர்கள்" என்று தொடங்காதீர்கள். ஹேஷைக் கொடுத்து, நீங்கள் என்ன மாற்ற நினைக்கிறீர்கள் என்று சொல்லி, "அண்ணா, இந்தக் கமிட்டில் பெயரை 38இல் வெட்டியிருக்கிறது, இதை எடுத்தால் ஏதாவது பாதிக்குமா?" என்று கேட்டால் போதும். குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். நாலு வருடத்துக்கு முன் எழுதியதை யாரும் உடனே நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அந்தக் கமிட்டைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் வேண்டும்.

எடுத்த அந்த வரியை அன்று மாலையே கிட் ரிவெர்ட் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். ரிவெர்ட்டும் ஒரு புது கமிட்தான், அதனால் இன்று யாராவது அந்த வரிக்கு பிளேம் போட்டால் ஸ்டிக்கரை அளந்து பார்த்து எழுதியவரின் பெயர் வராது, என் பெயர்தான் வரும். எந்தக் கமிட்டைத் திருப்பினோம் என்ற ஹேஷை கிட் தானாகவே ரிவெர்ட்டின் செய்தியில் எழுதிவிடும். நான் அதற்குக் கீழே, 38ஐ முதலில் சேர்த்த கமிட்டின் ஹேஷையும், ஸ்டிக்கரின் அகலத்தையும், அன்று காலை கிடங்கில் நடந்ததையும் நான்கு வரியில் எழுதிச் சேர்த்தேன்.